இலை போடும் நேரத்துப் பாட்டு

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராஜபாளையத்தில் ஒரு ரிசப்ஷன். கேட்ட பாட்டையெல்லாம் போட்டேன். ஒரே குத்துப் பாட்டை மாப்பிள்ளையின் நண்பர்கள் மூன்று தடவை கேட்டார்கள்; மூன்று தடவையும் போட்டேன். நான்காவது தடவை கேட்டு வந்தபோது கை போகவில்லை. நானே கோர்த்து வைத்திருந்ததைப் போட்டேன். வேகம் குறைத்த தவில், கீழே ஆழமாக ஒரு பேஸ், தகரக் கூரையில் விழும் மழை. பல மாதமாக இழைத்தது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திறந்தால் எதிரே ஒருவரும் இல்லை. குத்துப் பாட்டு அடங்கியதும், சாப்பாட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் பந்திக்குப் போய்விட்டது. சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். "யாருங்க கூட்டத்த அங்கிட்டுத் தள்ளுனது? இன்னும் சோறே வடிக்கல!"

சவுண்ட் சர்வீஸ் முதலாளி சாம்சன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏட்டி விஜி, நீ பாட்டா போட்ட? பந்திக்குல்லா மணி அடிச்சிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வேனில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 25

மறுபடி கேட்டுப் பார்த்தேன். நல்லாத்தானே இருக்கு?

ஆகஸ்ட் 27, புதன்

ஞாயிற்றுக்கிழமை வன்னியம்பட்டியில் ஒரு பிள்ளை பெரியவளான சடங்கு வீடு. பெண்ணின் தாய்மாமன் குருசாமி எங்களைப் பேசி வைத்திருக்கிறார். சீர் கொண்டு வருகிறவர் அவர். மைக் செட்டும் அவர் செலவு. அதனால் என்ன பாட்டு என்பதும் அவர் சொல்வதுதான். வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பியிருக்கிறார். எல்லாப் பாட்டிலும் மாமன் வருகிறார்.

சாம்சன் அண்ணன் இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார்: "இங்கயும் கூட்டத்த வெரட்டுனன்னு வையி, கன்சோலப் பாண்டிதுரைட்டக் குடுத்துருவேன். நீ மைக்கப் பிடிச்சு, மாமன் சீர் வருது வழி விடுங்கன்னு சொல்லிக்கிட்டு நில்லு."

பாண்டிதுரை எங்களோடு ஸ்பீக்கர் ஏற்றி வயர் இழுக்கிறவன். கேட்டதைப் போடுவான், கேட்காததைப் போட மாட்டான். அண்ணன் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் மைக். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்று கேட்க முடியாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டே போகிறவள் நான். பாட்டு மாற்றும் கன்சோலுக்குப் பின்னால் மட்டும்தான் ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை பேரோடு இருக்க முடிகிறது. அவர்கள் கால் ஆடுவது நான் பேசுவது மாதிரி. அதையும் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் நிற்பது?

ஆகஸ்ட் 30, சனி

நாளைக்கு வேண்டிய வயர்களைப் பெட்டியில் அடுக்கினேன். அடுக்கும்போது என் சடங்கு ஞாபகம் வந்தது. கழுத்து வலிக்க மாலை, முதுகு முழுக்கப் பூச்சடை, காதுக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர். ஊரே என்னை வைத்து ஆடியது. உனக்கு என்ன பாட்டு வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நாளைய பிள்ளையின் பெயர் சிவரஞ்சனி. ஏழாம் வகுப்பு. மாலை போட்டதும் மாமன் பாட்டை நிறுத்திவிட்டு என் தவிலைப் போடப் போகிறேன். இரண்டு நிமிடம்தான். அந்தப் பிள்ளை மூச்சு விட்டுக்கொள்ளட்டும்.

அவளுக்காகத்தானா?

அவளுக்காகத்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சீர்த் தட்டுகள் தெரு முனையிலிருந்து வந்தன. குருசாமி சொன்ன வரிசையிலேயே போட்டேன். தேங்காய்த் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டே ஒரு அக்கா ஆடினாள். ஒரு காய்கூட விழவில்லை. குருசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஆடினார். மண்டபத்துக்குள்ளும் அதே ஆட்டம்.

மேடையில் பெரிய நாற்காலியில் சிவரஞ்சனி. குருசாமி மாலை போட்டார். நான் என்னுடையதைப் போட்டேன்.

ஆடியவர்கள் நின்றார்கள். குருசாமி அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். "ஏம்மா, கரண்டு எதுவும் கொறஞ்சிருச்சா?"

பின்வரிசையில் இரண்டு பேர் பந்தியை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். சாம்சன் அண்ணன் பாண்டிதுரையைப் பார்த்தார். அப்போதுதான் மேடையிலிருந்து அந்தப் பிள்ளை விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டாள்.

ஓடினேன். பிடித்திருக்கிறது என்று சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"அக்கா, தெருவுல ஒரு குத்துப் பாட்டு போட்டீங்கள்ல, அதப் போடுங்க."

"இது பிடிக்கலயாம்மா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அழுகையா வருது. காலைலருந்து ஏற்கெனவே அழுகையாத்தான் வருது." பிறகு இன்னும் மெதுவாக, "அம்புட்டுப் பேரும் ஆடுறாங்க. எனக்குத்தான விசேசம்? நான் மட்டும் உக்காந்தே இருக்கேன்."

எனக்கு மெதுவான பாட்டு வேண்டியிருந்தது, என் சடங்கு அன்றைக்கு. இவளுக்கும் அதுதான் வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். நானும் இவளிடம் கேட்கவில்லையே. குருசாமிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

திரும்பி வந்து மைக்கை எடுத்தேன். நானேதான் எடுத்தேன். குரல் நடுங்கியது, ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். "அடுத்த பாட்டு சிவரஞ்சனி கேட்டது. அவளும் ஆடணுமாம். மாமா வந்து கீழ எறக்கி விடணும்."

ஒரு அத்தை எழுந்துவிட்டாள். "ஆலாத்தி எடுக்காம எப்பிடிட்டி எறங்குவா?"

குருசாமி மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையின் கால் சேலைக்குள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். "ஆலாத்தி பொறவு எடுத்துக்கலாம் மதினி. ஏட்டி, வாட்டி!" என்று கை நீட்டினார்.

குத்துப் பாட்டைப் போட்டேன். அடியில் என் தவிலையும் சேர்த்துவிட்டேன் — வேகம் குறைக்காமல், அதன் சொந்த ஓட்டத்தில். சரியாகப் பொருந்தியது. யாரும் கவனிக்கவில்லை, ஆட்டம் மட்டும் இன்னும் கொஞ்சம் வலுத்தது. சிவரஞ்சனி மாலையை மாமன் கழுத்தில் போட்டுவிட்டு ஆடினாள். பூச்சடை அவிழ்ந்து தொங்கியது. ஆலாத்தித் தட்டோடு நின்ற அத்தையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சாமான் ஏற்றும்போது சாம்சன் அண்ணன் சொன்னது: "ஒன்னய மைக்கப் பிடின்னு நான் மெரட்டத்தான செஞ்சேன், நீ நெசமாவே பிடிச்சிட்டியே." பாண்டிதுரை கையிலிருந்த கன்சோல் பெட்டியை வாங்கி, வேனில் உட்கார்ந்த என் மடியில் வைத்தார்.

செப்டம்பர் 3

இனி, வயர் இழுப்பதற்கு முன்னால் மணப்பெண் அறைக்குப் போய், என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். கதவைத் தட்டுவது கஷ்டம்தான். தட்ட வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். கதவைத் தட்டினேன். மணப்பெண் தயங்கித் தயங்கி ஒரு பாட்டைச் சொன்னாள், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது. அதைத்தான் முதலில் போட்டேன். அவள் சிரித்தது கன்சோல் வரை தெரிந்தது.

ஆட்டம் சூடாக இருக்கும்போது சமையல்கட்டு வாசலிலிருந்து சாம்சன் அண்ணன் கையைக் காட்டினார். "விஜி, இல போட்டாச்சு. ஒம் பாட்டப் போடு!"

கேலிதான். ஆனாலும் போட்டேன். முழுதாக ஓடவிட்டேன். கூட்டம் எழுந்து, தானாக, அமைதியாகப் பந்திக்குப் போனது.

அப்புறம் அதையே மறுபடி ஓடவிட்டு நானும் சாப்பிடப் போனேன். பந்தியிலும் ஒரு ஸ்பீக்கர் இருந்தது; அதில் என் தகரக் கூரை மழை பெய்துகொண்டிருந்தது. எதிர் வரிசையில் ஒரு பெண் ரசத்துக்காகச் சோற்றில் குழி செய்துவிட்டு, ரசம் வந்ததையும் கவனிக்காமல், இலை ஓரத்தில் ஒற்றை விரலால் தவிலுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். வாளியோடு வந்தவர் சற்று நின்று பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிடாமல் அடுத்த இலைக்குப் போனார்.