போட்டோவில் இல்லாத தழும்பு

என்னை 'ஏட்டி' என்று உரிமையோடு கூப்பிட்ட என் மதினிக்கு,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணன் கார்ப்பரேஷன் வேலைக்கு ஒழுங்காகப் போய்வருகிறான். நீங்கள் எத்தனை முறை சொல்லியும் கேட்காதவன், இப்போது தானாகவே சாயாவில் சர்க்கரையைக் குறைத்துவிட்டான். யாருக்காகக் குறைத்தான் என்று நான் கேட்கவில்லை.

மலையாளம் என்றால் எனக்குக் கை ஓடும், தமிழ் என்றால் நொண்டும். அது உங்களுக்கே தெரியும். ஆனால் பஸ் போர்டுக்கு மேல் நீங்கள் மலையாளம் படித்ததில்லையே! அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஷாஹினா வந்திருந்தாள் மதினி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. "எழுதிக்கோ, பேரு மட்டும் மாத்திக்கோ" என்று அவளே சொல்லிவிட்டாள். எந்த ஷாஹினா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கழுத்தில் தழும்பு உள்ளவள்.

நமக்குள் நடந்த அந்தச் சண்டையை நினைத்துக்கொண்டேன். சண்டை என்றால் பெரிய சண்டையா? சோறு பரிமாறிக்கொண்டே போட்ட சண்டைதானே. நீங்கள் தென்காசியிலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு கேமராவும் இருந்தது. உங்கள் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். பொம்பளைக்கு எதற்கு இது என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் மட்டாஞ்சேரி உங்களுக்காகவே காத்திருந்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் என்றால் பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆண் போட்டோகிராபரை விடமாட்டார்கள். மணப்பெண்ணை நல்லபடியாக ஒரு படம் எடுக்க ஆள் கிடையாது. ஒரு வீட்டில் நீங்கள் எடுத்தீர்கள். அதன் பிறகு, "ஆ தமிழத்தி சேச்சியை விளிக்கு", அந்தத் தமிழ்க்கார அக்காவைக் கூப்பிடு என்று, வீட்டுக்கு வீடு கூப்பிட ஆரம்பித்தார்கள். உள்ளறைக் கதவுகளெல்லாம் உங்களுக்குத் திறந்தன.

நான் எறணாகுளத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தேன். வாசல் அறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வந்தன. நீங்கள் எடுப்பீர்கள், நான் சரிசெய்வேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரிசெய்ய நீங்கள் எதையும் மிச்சம் வைத்தால்தானே!

ஒரு நிச்சயத்தில், ஜன்னலோரம் பெண்ணை உட்காரவைத்துவிட்டு நீங்கள் அரைமணி நேரம் ஒரு படமும் எடுக்கவில்லை. பின்னால் கிடந்த நீல வாளியைத் தூக்கி வெளியே வைத்தீர்கள். காலண்டரைக் கழற்றினீர்கள். இரண்டு பெண்களிடம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடுத்து, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு முகத்தில் விழும்படி பிடிக்கச் சொன்னீர்கள். பெண்ணின் மாமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "வாளி, காலண்டர் எல்லாம் நான் கம்ப்யூட்டர்ல மாத்தித் தரேன் மதினி. நீங்க கிளிக் பண்ணுங்க" என்றேன்.

"எடுக்கதுக்கு முன்னாடி எடுத்துரு ஏட்டி. எடுத்த பெறகு என்னத்த எடுக்கது?" என்றீர்கள்.

அந்த மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மலையாளத்தில் அதைச் சொல்லிப் பார்த்தாள், சரியாக வரவில்லை. மணப்பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நீங்கள் கேமராவைத் தட்டினீர்கள்.

ஷாஹினாவின் கல்யாணத்துக்கும் நாம் இரண்டு பேரும்தான் போனோம். பிலிம் கேமராவின் கடைசிக் காலம் அது. வலது காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து வழியாகத் தோள்வரை இறங்கும் தழும்பு. நான்கு வயதில் கொதிக்கும் கஞ்சிப்பானை சரிந்து விழுந்த தழும்பு. மாப்பிள்ளை நவாஸ் அதைப் பார்த்துத்தான் சம்மதித்திருந்தான். அவனிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. இருந்தாலும் அவளுடைய உம்மாவுக்கு ஒரு கவலை. என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள்: "மோளே, ஆல்பம் ஊர் முழுக்க எல்லாரும் காணும். கம்ப்யூட்டர்ல அது மாய்ச்சுத் தரணும், கேட்டோ." அழித்துக் கொடு என்று கெஞ்சினாள்.

நான் சரி என்றேன். அறைக்குள் வந்து பார்த்தால், அந்தத் தழும்புப் பக்கமே ஜன்னலுக்கு நேராக இருக்கும்படி நீங்கள் அவளைத் திருப்பி உட்காரவைத்திருக்கிறீர்கள்! உம்மா பார்த்தால் என்ன சொல்வாளோ?

நீங்கள் ஷாஹினாவிடம் கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது. "இந்தப் பக்கம்தாம்மா உனக்கு வெளிச்சம் நல்லா விழுது. அந்தப் பக்கம் திரும்பணும்னா திருப்பிருதேன். உனக்கு எப்படி?"

அவள் தலையில் முக்காடாகப் போட்டிருந்த தட்டத்தைத் தானே தோள்வரை தளர்த்திவிட்டு, "இங்கனெ மதி" என்றாள். இப்படியே இருக்கட்டும் என்று. நீங்கள் எடுத்தீர்கள். நிக்காஹ் முடிந்து நவாஸை உள்ளே கூட்டிவந்தபோது இரண்டு பேரையும் சேர்த்து எடுத்தீர்கள். அவன் ஏதோ காதில் சொல்ல, அவள் கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தழும்பு முழுசாகத் தெரிந்தது. சிரிப்பும் முழுசாகத் தெரிந்தது.

நான் நெகட்டிவை ஸ்கேன் செய்து உம்மா கேட்டபடி அழித்தேன். நன்றாகவே அழித்தேன் மதினி. தோலின் நிறம், நகையின் நிழல், எல்லாம் பொருந்தி வந்தது. தழும்பு உள்ளதையும் இல்லாததையும் நீங்கள் ஷாஹினா முன்னால் வைத்தீர்கள். "உன் மொகம், நீயே பாத்துச் சொல்லு" என்றீர்கள். அவள் இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள். தழும்பில்லாததைத்தான் எடுத்துக்கொண்டாள்.

உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டேன். "வருத்தப்பட நான் யாருட்டி? அவ கேட்டத நீ அழகாச் செஞ்சு குடுத்திருக்க" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்று நான் செய்தது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பிறர் கண்ணுக்குப் பயப்படாமல் ஒரு ஆல்பத்தைத் திறக்க அவளுக்கு ஆசை இருக்காதா?

போன மாதம் அவள் வந்து நின்றபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தோப்பும்படியில்தான் வீடு என்றாள். நவாஸ் அங்கே படகு எஞ்சின் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறான். ஒரே மகள், மின்னு என்று கூப்பிடுகிறார்கள், ஒன்றாம் வகுப்பு.

"சேச்சி எவிடெ?" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த உங்கள் படத்தைக் காட்டினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். உங்களுக்காக மட்டும் அழவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மின்னு சில மாதமாகத் தன் உப்பா நவாஸின் பக்கத்தில் போவதில்லையாம். அவன் வீட்டுக்கு வந்தால் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். தூக்கப் போனால் கத்துகிறாள். அவன் மிட்டாய் வாங்கிப் பார்த்தான், பொம்மை வாங்கிப் பார்த்தான், கடைசியில் வாசலில் உட்கார்ந்து அழுதான். தான் என்ன செய்தோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்க்கவும் தொடங்கிவிட்டார்கள். பெண்குழந்தை ஒருத்தி அப்பனைக் கண்டு பயந்தால் ஊர் என்ன நினைக்கும், சொல்லுங்கள்?

ஷாஹினா மடியில் போட்டு, கெஞ்சி, கொஞ்சிக் கேட்டிருக்கிறாள். கடைசியில் பிள்ளை சொன்னது: "உப்பாதான் உம்மாவுக்குத் தீ வச்சது."

கல்யாண ஆல்பத்தைப் பார்த்திருக்கிறாள் மதினி. அதில் உம்மாவின் கழுத்தில் ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. உப்பாவோ பட்டறையில் கையில் தீயை வைத்துக்கொண்டு நிற்பவர், ஒருநாள் உம்மாவோடு சாப்பாடு கொடுக்கப் போனபோது அவளே பார்த்திருக்கிறாள். ஆறு வயசுப் பிள்ளை இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டது.

"நான் சின்னதா இருக்கும்போதே வந்ததுன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன்" என்றாள் ஷாஹினா. "அப்போ போட்டோவில எங்கேன்னு கேக்குது. என் உம்மா இருந்தா சொல்லுவா, உம்மாவும் போயாச்சு. மத்தவங்க சொன்னா நம்ப மாட்டேங்குது. பழைய படம் உண்டோ தேவி? மாய்க்காதது?"

என் கம்ப்யூட்டரில் அந்தப் படங்கள் இல்லை. பழைய கம்ப்யூட்டர் பழுதானபோதே எல்லாம் போய்விட்டது. உங்கள் நெகட்டிவ் பெட்டிகள்தான் மிச்சம். நீங்கள் போனபிறகு நான் அவற்றைத் தொட்டதே இல்லை. இந்த ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமா? செருப்பிலேயே பூஞ்சை பிடிக்கிறது. பிலிம் தப்பியிருக்குமா?

ஷாஹினாவும் நானும் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்தோம். எல்லாவற்றையும் வெண்ணெய்த்தாளில் சுற்றி, வீட்டுப் பெயரை எழுதி வைத்திருந்தீர்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையும் போட்டிருந்தீர்கள். சிலது ஒட்டிப் பிடித்துப் பாழாகிவிட்டது, பொய் சொல்லமாட்டேன். அவளுடையது ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். முகங்கள் இருந்தன.

ஸ்கேன் செய்து திரையில் அவன் காதில் சொல்லி அவள் சிரிக்கும் அந்தப் படம் விரிந்தது. மதினி, நான் அந்தப் படத்தை இதற்கு முன் எத்தனை மணிநேரம் பார்த்திருக்கிறேன்! ஆனால் அப்போது தழும்பை மட்டும்தான் பார்த்தேன், துடைக்க வேண்டிய இடமாக. இப்போதுதான் படத்தைப் பார்த்தேன். வெளிச்சம் அவள் கன்னத்திலிருந்து கழுத்துக்கு எப்படி இறங்குகிறது! தழும்பு ஒளியவும் இல்லை, முன்னால் வந்து நிற்கவும் இல்லை. அவளோடு இருக்கிறது, அவள் காதைப்போல, கையைப்போல.

பூஞ்சைப் புள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தேன். அன்று அந்த அறையில் இல்லாததை எடுத்தேன், இருந்த எதையும் தொடவில்லை. வெளிச்சம் கூட்டவில்லை, நிறம் ஏற்றவில்லை. கூட்டுவதற்கு என்ன இருந்தது? என் கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். ஷாஹினா முன்னால், மின்னு அவள் முந்தானைக்குள். நவாஸ் வாசல் படியிலேயே நின்றுவிட்டான், பிள்ளை பயந்துவிடுமோ என்று. நான் மின்னுவின் கையில் படத்தைக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் படத்தைப் பார்த்தாள். உம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். விரலைப் படத்தில் வைத்துத் தழும்பின் வழியே இழுத்தாள். பிறகு என்னைக் கேட்டாள், மலையாளத்தில்:

"இது கல்யாணத்தன்னைக்கா?"

"ஆமா மோளே. நானும் அங்கே இருந்தேன்."

"உம்மா ஏன் சிரிக்கிறா?"

நான் நவாஸைப் பார்த்தேன். அவன் படியிலிருந்தே சொன்னான்: "பிரியாணி ஆறிடும், படம் எடுக்கற சேச்சிகிட்ட சீக்கிரம் விடச் சொல்லுன்னு உம்மா காதில சொன்னேன்."

மின்னு யோசித்தாள். "உப்பாவுக்கு எப்பவும் பசி" என்றாள். அவன் சிரிக்கத் தொடங்கி, அது அழுகையாகி, முகத்தைத் திருப்பிக்கொண்டான். மின்னு உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை மதினி. போகும்போது அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு போனாள். போன வாரம் ஷாஹினா போன் செய்தாள். இப்போது அவன் தோளைவிட்டு இறங்கமாட்டேன் என்கிறாளாம். பழைய ஆல்பத்தையும் இந்தப் படத்தையும் ஷாஹினா ஒரே அலமாரியில் வைத்திருக்கிறாளாம்.

நன்றி சொல்லத்தான் எழுதினேன். அந்த ஜன்னலோரத்தில் அவளிடம் "உனக்கு எப்படி?" என்று கேட்டதற்கு. அவள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்த பிறகும் அந்த பிலிமைத் தூக்கிப் போடாமல், அவள் என்றைக்காவது கேட்பாள் என்பதுபோல, ஈரம் படாமல் வைத்ததற்கு. இப்படி ஒருநாள் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. கண் பார்த்ததைக் கெடுக்காமல் வைப்பது உங்கள் சுபாவம், அவ்வளவுதான். அந்தச் சுபாவம் ஒரு அப்பனுக்கு அவன் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இனி என் வாக்கு. அடுத்த மழை தொடங்குவதற்குள் உங்கள் பெட்டிகளில் இருக்கும் ஒவ்வொரு நெகட்டிவையும் நான் எடுத்துத் துடைத்துப் பத்திரப்படுத்துவேன். வெளியாள் கையில் ஒன்றும் போகாது. உங்களை நம்பித்தானே அந்தப் பெண்கள் கதவைத் திறந்தார்கள்? வீடு வீடாக நானே போய்ச் சொல்வேன்: உங்கள் முகம் எங்கள் வீட்டில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து கேளுங்கள் என்று.

உங்கள் கை எடுத்த முகங்களுக்குக் காவல் இருக்கும்,
உங்கள் நாத்தனார்
தேவி
மட்டாஞ்சேரி