ஒற்றைத் தடத்தில் ஆறு ரயில்

ஜூன் 2, திங்கள்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ராசிபுரத்தில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. லாரி புக்கிங் ஆபீசில் மூன்றே லோடு.
மகள் கவியாவுக்கு ரயில் உதவி டிரைவர் வேலை. ஆர்டர் வந்து நாலு நாள். வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா சரி என்றால்தான் போவாளாம். நான் வாயே திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. அவளும் வற்புறுத்தவில்லை. கம்ப்யூட்டரில் ரயில் விளையாட்டுக்கு அட்டவணை போடும் மென்பொருளைத் திறந்து வைத்தாள். “ஒரு நாளைக்கு நீங்களே வண்டி உட்டுப் பாருங்கப்பா.”

ஜூன் 3, செவ்வாய்
சேலம்–கரூர் தடம். ஒரு வரிக்கு ஒரு ரயில். கிளம்பும் நேரம், நிற்கும் ஊர், எத்தனை நிமிடம். இருபது வருடமாக லாரி அனுப்புகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆறு ரயில், அரை மணியில் முடித்தேன். ஓடவிட்டேன். மல்லூர் தாண்டி இரண்டு வண்டி மூக்கோடு மூக்காக நின்றுவிட்டன. பின்னால் வந்தவையும் அப்படியே.
கவியாவுக்குச் சிரிப்பு. “ஏனுங்கப்பா, எதுத்தாப்ல வந்தா ஒதுங்கிக்கும்னு நெனச்சுட்டீங்ளா? ஒத்தைத் தண்டவாளமுங்க.”
அப்படித்தான் நினைத்தேன். மானம் போச்சு.

ஜூன் 4, புதன்
ஆபீசுக்கு மட்டம். சாம்பாரில் உப்பு கம்மி.
ஒரு ரயிலை ஐந்து நிமிடம் தள்ளினால் நாமக்கல்லில் இன்னொன்று மாட்டுகிறது. கடைசியில் பாசஞ்சரை ராசிபுரத்தில் பக்கத் தடத்தில் பதினோரு நிமிடம் நிறுத்தினேன். எக்ஸ்பிரஸ் தாண்டிப் போனது. நாலு மணிக்கு ஆறு ரயிலும் ஓடின. ஒன்று மோகனூர் தாண்டி காவிரிப் பாலத்தில், ஒன்று சேலத்தை விட்டுக் கிளம்பி. யாரும் யாரையும் பார்க்காமல், அடுத்தவர் நேரத்தை நம்பி. உடம்பெல்லாம் சிலிர்த்தது.
என் மனைவி சுமதி எட்டிப் பார்த்தாள். “நாலு கோடு நகருது, இதுக்கா வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கறீங்க?”
ஆமாம். இங்கே பாசஞ்சர் நின்றபோதெல்லாம் திட்டியிருக்கிறேன். எவ்வளவு பெரிய காரியத்துக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்
மேகமூட்டம். பல்வலி.
கவியாவிடம் கேட்டேன். “நடுக்காட்டுல செவப்பு சிக்னல் உழுந்தா?”
“நிப்பேனுங்கப்பா.”
“எதிர் வண்டி லேட்டுன்னா? எத்தன நேரம் நிப்ப?”
“அது தாண்டிப் போற வரைக்குமுங்க.”
ஒரு வாரமாக என் முன்னால் அப்படித்தான் நின்றிருக்கிறாள்.
“பெட்டி எடுத்து வெய்யி சாமி” என்றேன்.