காற்று வரும் இடம்

18.1.1981

காலண்டரைப் பார்த்துத் தேதியை நானே எழுதினேன். யாரையும் கேட்கவில்லை.

முதியோர் வகுப்பு நடத்தும் தனம் டீச்சர் ஒரு நோட்டைக் கொடுத்து, "பெரியப்பா, தெனம் நாலு வரி எழுதுங்க. இல்லன்னா கை மறந்துடும்" என்றது. எதை எழுதுவது என்று கேட்டேன். "மனசுல என்ன ஓடுதோ அத."

மனசில் ஓடுவது ஒன்றுதான். பச்சைமலையில் ஒரு வீடு கட்ட வேண்டும்.

எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் பாதி கட்டி முடித்த மாதிரி இருக்கிறது.

20.1.1981

ஏன் மலையில் என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவன் நான். மீசை முளைத்தபோது போனேன், நரைத்த பிறகுதான் வந்தேன். காளவாய் முன்னால் நின்று சுண்ணாம்புக்கல் போட்டால் முகம் வேகும், முதுகு வேர்க்கும். வேலை முடிந்து கொட்டகையில் படுத்தாலும் தரை சுடும். போர்த்திக்கொண்டு தூங்குவது என்றால் என்னவென்றே தெரியாமல் கிழவன் ஆகிவிட்டேன். கம்பளி போர்த்திக் குளிரில் தூங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

குரும்பலூரில் வீடு இருக்கிறது. அது என் பெண்சாதி கொளஞ்சி காப்பாற்றிய வீடு. மாசத்துக்கு ஒரு தடவை வந்து போன விருந்தாளி நான். வெயில் காலத்துக்கு மேலே ஒரு வீடு, மற்ற நாளைக்குக் கீழே இந்த வீடு. இரண்டிலும் இரண்டு பேரும் இருக்கலாம்.

23.1.1981

கொளஞ்சியிடம் சொன்னேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவே இல்லை.

"இத்தன வருசமா அரியலூர்ல ஒரு வூடு, இங்க ஒரு வூடு. இப்பத்தான் ஒரு வூட்டுக்கு வந்து சேந்தீங்க. அதுக்குள்ள மலையில ஒண்ணா?"

"நீயும்தான வரப்போற."

"நான் வரல. நீங்க போங்க. போயி நல்லா காத்து வாங்குங்க."

அவள் வராவிட்டால் அது வீடா, இன்னொரு காளவாய்க் கொட்டகையா? ஆனால் கட்டி முடித்துக் காட்டினால் வந்துவிடுவாள். வருவாள்.

வருவாளா?

2.2.1981

மலையில் இருந்து செல்லப்பன் புளி விற்க வந்திருந்தான். காளவாய்க்கே வந்து வீட்டுக்கு அடிக்கச் சுண்ணாம்பு வாங்கிப்போன நாளில் இருந்து பழக்கம். மலைக்காரர் நிலத்தைக் கீழே இருப்பவன் வாங்க முடியாது. வாங்கும் எண்ணம் எனக்கும் இல்லை.

"இருக்குற வரைக்கும் ஒரு மூல குடு தம்பி, போதும்" என்றேன்.

"எடுத்துக்கங்கண்ணே. நீங்க இருக்குற வரைக்கும் உங்க வூடு. அப்பறம் என் மாட்டுக்கு."

"உன் மாடு குடுத்து வச்சது."

கை கொடுத்துக்கொண்டோம்.

10.2.1981

இன்று இடம் பார்த்தோம். லாடபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். முழங்கால் திட்டியது, நான் கேட்கவில்லை.

செல்லப்பன் முதலில் அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளத்தைக் காட்டினான். மேற்கே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பாறை, தலைக்கு மேலே பலாமரம். அடைகோழி உட்காருகிற மாதிரி இடம். ஓர் இலை அசையவில்லை. இதற்கா இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்?

நானே மேலே போய்த் தேடினேன். மலை விளிம்பில் ஒரு மொட்டைப் பாறை. ஏறி நின்றேன். அடடா! குரும்பலூர் ஏரி கைக்கண்ணாடி மாதிரி கிடக்கிறது. பெரம்பலூர் ரோடு தெரிகிறது. தூரத்தில் புகை, அது எறையூர் சர்க்கரை ஆலையாக இருக்க வேண்டும், ராசாங்கம் அங்கேதான் வேலை பார்க்கிறான். என் மகன் இருக்கும் இடமும் என் வீடு இருக்கும் இடமும் ஒரே பார்வையில்! சட்டை தானாகப் பறந்தது.

"இங்கதான்" என்றேன்.

செல்லப்பன் பாறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "காத்து வருமேண்ணே."

"அதுக்குத்தானப்பா வந்திருக்கேன்!"

"நெறைய வரும்ணே."

"வரட்டும், வரட்டும்."

தலையைச் சொறிந்தான். நல்ல இடத்தை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? பாவம், அதையும் கொடுத்துவிட்டான்.

3.3.1981

கடைக்கால் தோண்டுகிறோம். கை முழுக்கக் கொப்புளம். பென்சில் பிடிக்க முடியவில்லை.

16.3.1981

சுவர் எழும்புகிறது. மலைக்காரர் வீடுகள் எல்லாம் குட்டை, குனிந்துதான் நுழைய வேண்டும். என் வீட்டுக்கு உயரமான வாசல், நாலு பக்கமும் ஜன்னல். காளவாயில் குனிந்தது போதும்.

29.3.1981

டீக்கடையில் சாமிக்கண்ணு எல்லோரும் இருக்கும்போது கேட்டான்: "என்ன அரியமுத்தண்ணே, இந்த வயசுல மலையில சின்ன வூடு வச்சிருக்கீங்களாமே!"

"ஆமா. ஆளு ரொம்ப உசரம், நல்ல செவப்பு. இன்னும் தலையில கூர போடல, அதான் ஊருக்குக் காட்டல" என்றேன்.

கடையே சிரித்தது. நான் வீட்டுக்கு வருவதற்குள் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. கொளஞ்சி சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அவளையே கொழம்பு ஊத்தச் சொல்லுங்க."

14.4.1981

சித்திரைப் பிறப்பு. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். வாழ்நாள் முழுவதும் ஊரார் சுவருக்குச் சுண்ணாம்பு சுட்டவன், என் சுவருக்கு நானே மட்டை பிடித்தேன். மூன்று பூச்சு. கண் கூசுகிறது.

இறங்கி வரும்போது லாடபுரம் பஸ் ஸ்டாப்பில் திரும்பிப் பார்த்தால், மலை உச்சியில் வெள்ளையாக ஒரு புள்ளி. என் வீடு! பஸ்ஸுக்கு நின்ற எல்லோருக்கும் காட்டினேன். கண்டக்டருக்கும் காட்டினேன்.

19.4.1981

கொளஞ்சியை லாடபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "அதோ பாரு, வெள்ளையா" என்றேன்.

"எனக்குக் கண்ணு தெரியல."

வானத்தில் பருந்து கடுகளவு தெரிந்தாலே குஞ்சுகளைக் கூடையால் மூடுகிறவள்!

20.4.1981

பெரம்பலூர்ச் சந்தையில் கம்பளி வாங்கினேன். கடைக்காரர் என்னையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

25.4.1981

மலையில் முதல் நாள். போர்த்திக்கொண்டு தூங்கினேன். காலையில் எழுந்திருக்க மனசே இல்லை. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. இதற்கெல்லாம் டீச்சர் எழுத்து சொல்லிக் கொடுக்கவில்லை.

11.5.1981

நன்றாக இருக்கிறது. காற்று, குளிர்ச்சி, பலாப்பழ வாசனை. நானே கஞ்சி வைக்கிறேன், நானே குறை சொல்கிறேன். காலையில் ஏரி மேல் வெயில் படும்போது, "இங்க வந்து பாரு" என்று வாயில் வருகிறது. யாரிடம்?

உட்கார்ந்தால் ஊரே தெரிகிறது. கொளஞ்சி தெரியவில்லை.

27.6.1981

கூரை போய்விட்டது.

28.6.1981

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை, இன்று எழுதுகிறேன்.

ஆனிக் காற்று நாலு நாளாகவே உறுமிக்கொண்டிருந்தது. நேற்று விடிந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மேற்கு ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்த காற்று வெளியே போக வழி தேடியது. கூரையோடு போனது. ஒரு பெரிய கோழி இறக்கையை விரித்து எழுந்த மாதிரி என் கூரை எழுந்து, கொஞ்சம் யோசித்து, பள்ளத்தில் இறங்கிவிட்டது. வாயில் வேப்பங்குச்சியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பளியும் பின்னாலேயே போனது.

செல்லப்பன் ஓடி வந்தான். எனக்கு அடி இல்லை என்று பார்த்த பிறகு மெதுவாகச் சொன்னான்: "காத்து வரும்னு சொன்னேனேண்ணே."

"நீ நல்லதுன்னு சொல்றியாக்கும்னு நெனச்சேன்."

"நானும் உங்க ஊருல காத்தே கெடையாது போலருக்கு, பாவம், ஆசப்படுறாருன்னு விட்டுட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை.

கம்பளி அவன் வீட்டுப் பலாமரத்தில் தொங்கியது. அந்தப் பள்ளத்தில் அப்போதும் ஓர் இலை அசையவில்லை.

30.6.1981

கொளஞ்சியிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். வாசலிலேயே, "கூர பறந்துட்டுது" என்று சொல்லிவிட்டேன்.

சிரித்தாள். உட்கார்ந்து சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இருமி, கண் துடைத்து, மறுபடி சிரித்தாள். "நல்லா காத்து வாங்கியாச்சா?"

பிறகு சொன்னாள்: "அந்த எடத்த நான் பாக்கணும்."

"சிரிக்கவா?"

"பின்ன, அழுவவா?"

எதற்கு என்றால் என்ன? வருகிறாள்!

8.7.1981

இன்று நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் சரி.

கொளஞ்சி மலை ஏறினாள். உட்கார்ந்து உட்கார்ந்து, என்னைத் திட்டித் திட்டி ஏறினாள். கூரை இல்லாத வீட்டுக்குள் போய் நின்றாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "நம்ம வூடு எங்க?" என்று கேட்டாள். ஏரிக்கரையைக் காட்டினேன். அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். என் காதால் கேட்டேன்.

பிறகு சுற்றிப் பார்த்தாள். "பக்கத்து வூடு எங்க?"

"பக்கத்துல வூடு ஏது? அதுதான் இந்த எடத்தோட அழகே."

கீழ்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். பத்தடி போய் நின்று, "ஏ ஆண்டாயீ!" என்று, வரும் வழியில் பார்த்துப் பேசிய செல்லப்பன் பெண்சாதியைக் கூப்பிட்டாள். நின்று கேட்டாள். காற்று கொண்டுபோய்விட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கினாள், மறுபடி கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. செல்லப்பனும் நானும் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனோம். கடைசியில் பலாமரத்தடியில் போய் நின்று, எதிரில் இருப்பவரிடம் பேசுகிற குரலில், "ஆண்டாயி" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து உடனே: "என்னக்கா, உப்பு வேணுமா?"

கொளஞ்சி என் பக்கம் திரும்பினாள். "இங்க கட்டுங்க. நான் வரேன்."

அதே பள்ளம். பிப்ரவரியில் செல்லப்பன் காட்டியது. அவன் வாயைத் திறக்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், நல்லவன்.

பலாச்சுளை தின்றுகொண்டிருக்கும்போது, கூப்பிட்டு எதற்குப் பார்த்தாய் என்று கேட்டேன். கொட்டையை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டே சொன்னாள்: "ராசாங்கம் பொறந்தன்னிக்கு ஊரே சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருந்துச்சு. நம்ம வூடு அப்ப ஊருக்கு வெளிய. வலி எடுத்து, கூப்ட்டேன் கூப்ட்டேன், ஒருத்தருக்கும் கேக்கல. ஒத்தையிலதான் பெத்தேன். ஒரு எடத்துல இருக்கணும்னா, கூப்ட்டா யாருக்காவது கேக்கணும். எனக்கு அது போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதில்லை. பிள்ளை பிறந்த சேதி எனக்குக் காளவாய்க்கு வந்தது. எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

வீடு கட்ட இடம் பார்க்கப் போன நான் ஏரியைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், ஆலைப் புகையைப் பார்த்தேன். இருக்கப் போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

20.7.1981

மேலே இருந்த சுவரைப் பிரித்துக் கல்லை இறக்குகிறோம். செல்லப்பன் சொல்கிறான், "பரவாயில்லண்ணே, ரெண்டாவது வூட்டுக்கு ஒரு ரெண்டாவது வூடு."

5.9.1981

கொளஞ்சி மேஸ்திரி ஆகிவிட்டாள். பாதி நாள் மலையில்தான். "வாசல் குட்டையா இருக்கட்டும், குனிஞ்சு வந்தா கொறஞ்சு போயிருவீங்களா?" ஜன்னல் ஒன்றே ஒன்று. அதுவும் ஆண்டாயி வீட்டுப் பக்கம்.

18.10.1981

மழை. வேலை நின்றது. கீழே இருக்கிறோம். அவள் தினமும் ஒரு தடவை மலைப் பக்கம் பார்க்கிறாள். நான் பார்ப்பதை அவள் பார்க்கவில்லை.

21.2.1982

கூரை போட்டாயிற்று. காற்று மேலே ஏறிப் போகும்படி சரிவாக, தாழ்வாக. உள்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்தேன். லாடபுரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்டக்டர் கேட்டார், "எங்க தாத்தா, புள்ளியக் காணும்?" "அது எறங்கி நல்ல எடத்துக்குப் போயிட்டுது" என்றேன்.

18.4.1982

பால் காய்ச்சினோம். ராசாங்கம் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, வாசலில் தலையை இடித்துக்கொண்டான். கொளஞ்சி இரண்டு மூட்டை, ஒரு கூடைக் கோழியோடு வந்தாள். "பத்து நாளுதான் இருப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

28.4.1982

பத்து நாள் ஆயிற்று. நான் ஞாபகப்படுத்தவில்லை.

16.5.1982

ஆண்டாயியும் அவளும் அவரவர் வீட்டுக்குள் இருந்தபடியே பேசிக்கொள்கிறார்கள். நான் நடுவில் படுத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் என்னைப் பற்றித்தான்.

4.7.1982

மறுபடி ஆனிக் காற்று. மலையே ஆடுகிறது. எங்கள் வீட்டில் விளக்குத் திரி ஆடவில்லை. கம்பளி போர்த்திப் படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே காற்று போகிற சத்தத்தைக் கேட்டோம். "போகட்டும், போகட்டும்" என்றாள் கொளஞ்சி, என்னை மாதிரியே.

வெயில் காலம் முடிந்துவிட்டது. கீழே இறங்க வேண்டிய நாள் எப்போதோ தாண்டிவிட்டது. இறங்கலாமா என்று நேற்றுக் கேட்டேன். "கோழி அடையில ஒக்காந்திருக்கு" என்றாள். சரி.

இதை மொட்டைப் பாறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பழைய கடைக்கால் இன்னும் இருக்கிறது. காகிதம் பறக்காமல் ஒரு கல்லை வைத்திருக்கிறேன். ஏரி தெரிகிறது.

"ராசாங்கத்தப்பா!"

கீழே இருந்து. காற்றை எதிர்த்து இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது அவள் குரல். சோறு ஆகியிருக்கும்.

"வரேன்!" என்று கத்தினேன்.

இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. கேட்டிருக்கிறது.