உப்பறியா நாவின் பொருட்டு

நலம் முந்துக, நட்பு நிலைபெறுக.

அலை ஓயாக் கடற்கரைக்கும் வெயில் ஓயா உப்பளங்களுக்கும் உரிய கோமகனார், தோணியும் வண்டியும் தம் பெயர் சொல்லிப் புறப்படும் பெருமை உடையவர், சொன்ன சொல் மாறாதவர் என்று பகைவரும் ஒப்பும் வெண்கழி வேந்தர் கொற்றங்குமரனார் திருமுன்பு, மேகமும் மிளகுக்கொடியும் ஒன்றாய்த் தங்கும் தண்பொறை நாட்டுக் கோப்பெருந்தேவி நறுங்கோதையார் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் காற்று பதமாக வீசுக. பாத்தி தோறும் உப்பு வெள்ளையாய் விளைக. தங்கள் தேவியாரும் மக்களும் குறைவின்றி வாழ்க.

தண்பொறை அரசியர் ஓலையில் தம்மை 'நான்' என்று எழுதிக்கொள்வதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே இதில் தேவி என்று வருமிடமெல்லாம், உடன்பிறந்தான் இல்லாமல் மணப்பந்தலில் நின்ற ஒரு பெண்ணுக்குத் தாமாக முன்வந்து தமையனாய் நின்று கைநிறையப் பொரியிட்டீர்களே, அந்தத் தங்கை என்று கொள்க. அன்று பொரியில் பாதி தரையில் சிந்தியது. போர்க்களத்தில் கலங்காதவர் பொரித்தட்டைக் கண்டு கலங்கிவிட்டார் என்று எம் அரண்மனைப் பெண்டிர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த உறவின் உரிமையால் எழுதப்படுவது இவ்வோலை. அமைச்சருக்கும் தெரியாது, அரசருக்கும் தெரியாது.

சென்ற உப்புவிருந்தில் நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க வழியில்லை. ஓராண்டு மலையிலும் மறு ஆண்டு கரையிலும் இரு வேந்தரும் ஒரே பந்தியில் அமர்ந்து, விருந்தளிப்பவர் தம் இலையிலிருந்து ஒரு பிடி உப்புச்சோறு எடுத்து விருந்தினருக்கு ஊட்டுவதே நம் நட்பின் சான்று. உப்பிட்டு ஊட்டினால் நட்பு புதுப்பிக்கப்பட்டது. உப்பின்றி ஊட்டினால் முறிந்தது. இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை என்பது முன்னோர் வகுத்த முறை. எம் அரசர் நல்லிமாறனார் பெரியோர் அனைவரும் காணத் தங்களுக்கு ஊட்டிய பிடியில் உப்பு இல்லை. தாங்கள் மென்றீர்கள், விழுங்கினீர்கள், கைகழுவித் தேரேறினீர்கள். அன்று முதல் வெண்கழியின் உப்புவண்டி எதுவும் மலையேறவில்லை.

அது பகையன்று, தமையனாரே, பத்தியம்.

அரசருக்கு நீர்வீக்க நோய் கண்டு ஆண்டுகள் சில ஆகின்றன. முதலில் செருப்பு வார் இறுகியது, தைத்தவனைக் கடிந்துகொண்டார். பிறகு மலைப்படியின் பாதியில் நின்று, பள்ளத்தாக்கின் அழகைப் பார்ப்பவர்போல் மூச்சு வாங்கினார். காலில் விரலை அழுத்தினால் விழும் குழி, பிசைந்த மாவில் விழுந்ததுபோல் எழும்பாமல் கிடந்ததைக் கண்டபோதுதான் தேவி அரண்மனை மருத்துவர் மாதேவனாரை அழைத்தார். இந்நோய் தீராது, ஆனால் அடக்கி வாழலாம் என்றும், அடக்குவதில் பாதி மருந்தின் வேலை, பாதி அடுப்பின் வேலை என்றும், உப்பு சேர்ந்தால் உடம்பில் நீர் சேரும், நீர் சேர்ந்தால் மூச்சு முட்டும் என்றும் அவர் உரைத்தார். உப்பும் கருவாடும் ஊறுகாயும் அன்றோடு இலையை விட்டு இறங்கின. குடிக்கும் தண்ணீரும் ஒரு சிறு செம்புக்குள் அடங்கியது.

உப்பு விலக்கு என்று யாருக்குச் சொல்கிறோம் என்பதை எண்ணியபோது தேவிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு கல் உப்பு குறைந்தாலும் இலையை விட்டு எழுந்தவர் அவர். மாம்பிஞ்சுக்கு உப்பு, நெல்லிக்கு உப்பு, மோரில் இருப்பது போதாதென்று மேலும் ஒரு சிட்டிகை. தங்கள் வண்டி மலையேறும் நாளில் கோட்டைவாயில் வரை தாமே நடந்து போய், மூட்டையைப் பிரித்து, ஒரு கல்லை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, இது மேட்டுப்பாத்தி, இது கழிமுகத்துப் பாத்தி என்பார். வண்டியோடு வந்த தாங்களும் விட்டுக்கொடுக்காமல் தவறு என்பீர்கள். இருவருக்கும் நடுவில் வண்டிக்காரன் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் மாட்டைத் தடவிக்கொண்டு நிற்பான். இளமையில் இருவரும் தந்தையர்க்குத் தெரியாமல் உப்பளக் குடிசையில் தங்கி, கழிநீரிலேயே சோறு பொங்கி உண்டு, வாய் வெந்து, மோர் தேடி ஊரெல்லாம் அலைந்த கதையை அவர் சொல்லாத விருந்து கிடையாது. தேவி அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். இப்போதெல்லாம் அரசர் அதைச் சொல்வதில்லை. ஒரு முறையாவது சொல்லமாட்டாரா என்று தேவி ஏங்குகிறார்.

நோய் வந்தபின் மடைப்பள்ளி தேவியின் கைக்கு வந்தது. உப்பில்லாத உணவை உண்ணத்தக்கதாக்குவது படை நடத்துவதைவிடக் கடினம் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும். முதல் நாள் பருப்பை வாயில் வைத்துவிட்டு அரசர், இதைச் சிறைக்கோட்டத்துக்கு அனுப்பினால் கள்வர் எல்லாரும் திருந்திவிடுவர் என்றார். பிறகு மெல்ல வழி புலப்பட்டது. மிளகை அவ்வப்போது புதிதாக இடித்தும், சீரகத்தை நெய்யில் பொரித்து அவர் மூக்கெட்டும் தொலைவிலேயே சோற்றில் கொட்டியும், எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்தும், சுரைக்காயும் வாழைத்தண்டும் பாசிப்பயறும் சலிப்புத் தட்டாமல் மாறி மாறி வரச் செய்தும் தேவி கற்றுக்கொண்டார். தாகம் மிகும்போது தண்ணீர் கேட்காமல் நெல்லித்துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ள அரசரும் கற்றுக்கொண்டார், முணுமுணுத்துக்கொண்டுதான்.

மருந்து தன் பங்குக்கு வேறு கூத்து ஆடியது. மூக்கிரட்டை வேரும் நெருஞ்சிலும் காய்ச்சிய கசாயம் உடம்பில் கட்டிய நீரை இறக்கும். இறக்கும்போது இடம் பொருள் பார்க்காது. அரசர் எழுந்தால் அவை முழுதும் எழ வேண்டும் என்பது எம் நாட்டு முறை. ஒரே காலைப்பொழுதில் அவர் எழுந்தபோதெல்லாம் எழுந்து, அமர்ந்தபோதெல்லாம் அமர்ந்த மூத்த அமைச்சர்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அரசருக்கு நம்மீது என்ன கோபமோ என்று தமக்குள் கலந்து பேசினார்கள். கசாயத்தை விடியற்பொழுதுக்கு மாற்றிய பிறகுதான் அமைச்சர்களின் முழங்கால் தப்பியது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் வெந்நீர் ஒத்தடம். சட்டென்று எழுந்தால் தலை சுற்றுவதால், எழுமுன் சற்று அமர்ந்தபடியே மீசையை நீவிக்கொள்வார். பார்க்கிறவர்கள் அதைக் கம்பீரம் என்கிறார்கள், அவரும் மறுப்பதில்லை.

இத்தனையும் பழகிய அரசருக்குப் பழகாதது ஒன்று. மாதேவனார் கசாயத்தோடு கொடுத்த செந்தூர மருந்தை உண்ணத் தொடங்கியபின் இரும்பை நக்கியதுபோன்ற ஒரு சுவை நாவில் குடியேறி, மற்றச் சுவைகளை ஒவ்வொன்றாய் வெளியே தள்ளிவிட்டது. இனிப்பு போயிற்று, புளிப்பு போயிற்று, கடைசியாக உப்பும் போயிற்று. மருந்தை நிறுத்தினால் சுவை திரும்பக்கூடும், வீக்கமும் கூடவே திரும்பும் என்றார் மாதேவனார். உப்பு உண்ணக் கூடாதவனுக்கு உப்பறியும் நாக்கு எதற்கு என்று அரசர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தேவி நம்பவில்லை.

இனி, விருந்தன்று நடந்தது. நோயை வெளியே காட்டலாகாது என்று அரசர் உறுதியாயிருந்ததால், அவர் உண்பதற்கு உப்பில்லாச் சோற்றையும், தங்களுக்கு ஊட்டுவதற்கு உப்புச்சோற்றையும் ஒரே இலையில் இரு குவியலாய் வைக்க ஏற்பாடு. எது எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தோம். தங்களைக் கண்ட மகிழ்ச்சியில் அரசருக்கு அது மறந்துவிட்டது. பந்தி நடுவே யாரைக் கேட்பது? இரண்டிலும் ஒரு பருக்கை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கழிமுகத்து உப்பையும் மேட்டு உப்பையும் பிரித்துச் சொன்ன அதே நாக்கு, தமையனாரே, உப்பு இருக்கிறதா இல்லையா என்பதைக்கூடச் சொல்லவில்லை. கை போன பக்கம் எடுத்து ஊட்டிவிட்டார். தாங்கள் தேரேறிய பின்பும் அவருக்குக் காரணம் விளங்கவில்லை. தேவியை அழைத்து, அந்தக் குவியலைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார். தேவி சுவைத்தார்; சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னார். பந்தி எடுத்து, கூடம் கழுவும் வரை அரசர் இலையை விட்டு எழவில்லை.

உண்மையைத் தங்களுக்குத் தெரிவிக்கும்படி தேவி எவ்வளவோ மன்றாடினார். நண்பன் சினந்திருப்பதைத் தாங்குவேன், இரங்கிப் பார்ப்பதைத் தாங்கமாட்டேன் என்று அரசர் மறுத்துவிட்டார். இதற்கிடையில் மலையூர்களில் உப்பு அற்றுப்போய், வீடுதோறும் கஞ்சி சப்பென்று இருக்கிறது. மாடுகள் சுவரை நக்குகின்றன. அரசரின் பத்தியம் இப்போது நாட்டுக்கே வந்துவிட்டது. இதைக் கண்டு பொறாமல்தான் அவர், இவ்வாண்டு விருந்துக்குத் தாமே கரைக்கு வருவதாகத் தங்களுக்குச் சொல்லியனுப்பினார். வருக என்ற ஒற்றைச் சொல்லைத் தாங்கள் மறுமொழியாக விடுத்தீர்கள். அந்த ஒரு சொல்லை அவர் எத்தனை முறை எடுத்து வாசித்தார் என்பதைத் தேவி அறிவார்.

அவர் எண்ணியிருப்பது இது. தாங்கள் ஊட்டும் உப்புச்சோற்றை உண்பதோடு நில்லாமல், இரு நாட்டாரும் ஐயம் தீருமாறு, இலையிலுள்ள உப்புச்சோற்றையும் கருவாட்டையும் ஒரு பருக்கை மீதமின்றி உண்ணப்போகிறார். விடியலிலேயே தொடங்கும் பந்தி முடியுமுன் எழுவது விருந்தளிப்பவரை இகழ்வதாகும் என்பதால், புறப்படும் நாளிலிருந்தே கசாயத்தையும் நிறுத்தப்போகிறார். அப்படிச் செய்தால் நீர் நெஞ்சுக்கு ஏறும், கரையிலிருந்து அரசர் மலைக்குத் திரும்பமாட்டார் என்று மாதேவனார் சொல்லிவிட்டார். அரசர் கேட்டுக்கொண்டு மீசையை நீவினார். தடுத்தால் நிற்கிறவர் அல்லர் என்பதைத் தாங்களும் அறிவீர்கள். தேவிக்கு அவர் வேண்டும், தமையனாரே. நட்பும் உப்பும் நாடும் அதற்குப் பின்புதான்.

ஆகவே தேவி வேண்டுவதும் விதிப்பதும் இவை. கரையில் இவ்வாண்டு முதல் பந்தியின் நடுவே எழுவது குற்றமன்று என்று முன்னதாகவே பறையறைவிக்க. அது காதில் விழுந்தால் அவர் கசாயத்தை விடமாட்டார். பந்தியில் முதலில் தாங்களே எழுக. இந்த வயதில் எழுவதற்கு ஒரு காரணத்தைத் தாங்கள் தேடித் திரிய வேண்டியதில்லை என்று தேவி நம்புகிறார். கருவாட்டின் இடத்தில் அன்றன்று பிடித்த மீனை மிளகு மட்டும் தடவிச் சுட்டு வைக்க. ஊரார்க்கு எப்படிச் சமைத்தாலும், தங்கள் இருவர் இலைக்கும் உரிய சோற்றை, நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு தனிப்பானையில் உப்பின்றிப் பொங்கச் செய்க. அந்தச் சோற்றைத்தான் தாங்கள் அவருக்கு ஊட்ட வேண்டும். முன்னோர் முறை பிழைத்தது என்று தெய்வம் கேட்டால், பழி நறுங்கோதையின் தலைமேல். பொய் சொல்லாதவர் என்ற தங்கள் பெயருக்கு அன்று ஒரு கீறல் விழும், அதைப் பொறுத்தருள்க.

மிளகுக்கொடி பொறித்த தேவியின் கணையாழி இலச்சினை இவ்வோலையின் தலைப்பில் இடப்பட்டது. கொண்டுவருபவர் மாதேவனாரே, வாசித்ததும் அவர் காணத் தீயிலிடுக. வெண்கழி ஓங்குக, தண்பொறை தழைக்க.

இன்னும் ஒன்று. ஊட்டியதும் அரசர் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். நாக்கு சொல்லாததை இப்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்கிறார். ஆகவே அதே சோற்றில் ஒரு வாய் தாங்களும் உண்டு, முகத்தைச் சற்றே சுளித்து, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்க. இது தங்கையின் ஆணை.