எங்களை விலைக்கு வாங்கிய மகள்

கோத்தன்பர்க்,
29 ஜனவரி 1999

அன்பு மகள் இங்கெலாவுக்கு,

நீயும் வெஸ்லியும் குழந்தை நோராவும் நலமா என்பதை இன்று இரண்டாவதாகத்தான் கேட்கப்போகிறேன். முதலில் இதற்குப் பதில் சொல். உனக்கு முன்பே தெரியுமா?

நேற்று ஓய்வூதியர் கிளப்பில் பட்டாணி சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரேடியோவில் செய்தி சொன்னார்கள். வோல்வோ கார் தொழிற்சாலையை ஃபோர்டு வாங்கப்போகிறதாம். கார் மட்டும்தான் அமெரிக்காவுக்கு. லாரி நம்மிடமே இருக்குமாம். பிள்ளையைக் கொடுத்துவிட்டு மாட்டுக்கொட்டகையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை ரேடியோக்காரன் மழை நிலவரம் மாதிரி வாசித்தான்.

பிறகு பெயிண்ட் பிரிவில் இருந்த டைஸ்டோ என் பக்கம் திரும்பினான். "சிக்வார்ட், உன் பொண்ணு ஃபோர்டுலதானே இருக்கா? எங்களை எவ்வளவுக்குப்பா வாங்கினா?"

என் பழைய கூட்டாளி பெர்யேதான் எனக்காகப் பேசினான். "வாயை மூடுடா. அவ என்ன அங்க கல்லாப்பெட்டியிலயா உக்காந்திருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நாற்பத்து மூன்று வருஷம் அந்தக் கம்பெனியில் இருக்கையும் பெல்ட்டும் மாட்டியவன் நான். கடைசியில் என் மகளால் எனக்குக் கிடைத்த பெயர் இது.

ராத்திரி நீ போன் செய்தாய். பேசாமல் வைத்துவிட்டேன். போனில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவேன். எழுதினால் கை வலிக்கும், அளவோடு நிற்பேன்.

பதில் எழுது.

உன் அப்பா,
சிக்வார்ட்

டியர்பார்ன், மிச்சிகன்,
9 பிப்ரவரி 1999

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நோராவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேசும்போது காற்று வருகிறது. தாத்தா ஏன் போனை வைத்துவிட்டார் என்று கேட்டாள். கோபம் என்றேன். "என் மேலயா?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

எனக்கு முன்பே தெரியாது அப்பா. சத்தியமாகத் தெரியாது. நான் கார்களைச் சுவரில் மோதவிட்டு, உள்ளே இருக்கும் பொம்மைக்கு எங்கே அடிபட்டது என்று பார்க்கிறவள். கம்பெனி எதை வாங்குகிறது என்று என்னிடம் யார் கேட்கப்போகிறார்கள்? உணவுக்கூடத்து டிவியில்தான் நானும் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இங்கே எந்தச் சோதனையைத் தொடங்கினாலும், "ஸ்வீடன்காரங்க இதை எப்படிச் செய்றாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இனிமேல் நேரே போய்க் கேட்கலாம். அன்றைக்கு என்னைத் தேடி வந்து கைகொடுத்தவர்கள் பலர்.

இதற்காக உலகம் முடிந்துவிடாது அப்பா. 1927இல் அந்த முதல் கார் வெளியே வரும்போது, பின் அச்சை மாற்றி மாட்டியதால் முன்னால் போகாமல் பின்னால் ஓடியது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? அதிலிருந்தே மீண்டு வந்த கம்பெனி. அம்மா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சிரித்து, சூப்பைக் குடிக்க வைத்துத்தான் உங்களை அனுப்பியிருப்பாள்.

முத்தங்களுடன்,
இங்கெலா

கோத்தன்பர்க்,
20 பிப்ரவரி 1999

இங்கெலாவுக்கு,

உன் அம்மாவை இதில் இழுக்காதே. மாய்க்கென் சிரித்திருக்க மாட்டாள். அவளும் அந்தத் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் தட்டு அடுக்கியவள்தான்.

உனக்குச் சந்தோஷமாம். கைகொடுத்தார்களாம். எதை வாங்கினார்கள் என்று அந்தக் கைகொடுத்தவர்களுக்குத் தெரியுமா?

1959இல் மூன்று முனை பெல்ட் வந்தபோது நான் அதை மாட்டுகிற வரிசையில் நின்றேன். எத்தனை ஏச்சு! போரோஸ் ஊரிலிருந்து கசாப்புக்கடைக்காரர் ஒருவர், புதுக் காரின் பெல்ட்டைக் கத்தியால் அறுத்து, விற்பனைக் கடை மேஜையில் எறிந்தாராம். "என் தொந்தியைச் சுத்திக் கயிறு கட்ட நீங்க யாருய்யா? நான் என்ன சந்தைக்குப் போற பன்னியா?" பெண்கள் உடுப்பு கசங்குகிறது என்றார்கள். ஒரு பாதிரியார், கடவுள்மேல் நம்பிக்கை இல்லாதவன்தான் இதைக் கட்டுவான் என்றார். அதே பாதிரியாரின் கார்மேல் இரண்டு வருஷம் கழித்துக் காட்டில் ஒரு கடமான் பாய்ந்து விழுந்தது. அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடந்து வந்து, எங்கள் வரிசைக்கு அந்த மானின் தொடையைப் புகைபோட்டு அனுப்பிவைத்தார். அந்தக் கறியை நானும் தின்றிருக்கிறேன்.

அந்தக் காப்புரிமையைக் கம்பெனி பூட்டி வைக்கவில்லை. எல்லாக் கம்பெனிக்காரனும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டது. உன் ஃபோர்டும் எடுத்துக்கொண்டது. உயிரைக் காக்கிற பொருளைச் சும்மா கொடுத்தோம் இங்கெலா! அப்படிப்பட்டவர்களைக் கடையில் மீன் வாங்குவது மாதிரி வாங்கிப்போவார்களாம், அதற்கு நான் சிரிக்க வேண்டுமாம்.

முதல் கார் பின்னால் ஓடிய கதையைச் சொல்ல உனக்கு உரிமை இல்லை. அது நாங்கள் எங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிற கதை.

நோராவிடம் சொல். அவள்மேல் கோபம் இல்லை.

சிக்வார்ட்

டியர்பார்ன்,
14 மார்ச் 1999

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு வாரம் பதில் எழுதக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டேன். வாரம் இரண்டாகிவிட்டது. கோபம் மட்டும் குறையவில்லை.

முதலில், என்னிடம் கத்தாதீர்கள். தடிமனான மார்க்கரில், வரிக்கு மூன்று வார்த்தையாக, சுவரொட்டி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உறையைப் பிரிக்கும்போதே அறைகிறது. நான் என்ன செவிடா?

உரிமை இல்லையாம். ஹிஸிங்கன் தீவில் அந்தத் தொழிற்சாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்தவள் நான். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கை புதிதாக வந்தபோது, உட்கார வைத்துப் பார்க்கப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையெல்லாம் கூட்டி வந்தீர்களே, அழுதவர்களுக்குப் பாட்டுப் பாடியது யார்? நான் ஏன் இந்தப் படிப்புப் படித்தேன், ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? இங்கே ஒரு பெல்ட்டின் மேல் முனை சரியான உயரத்தில் இல்லை என்று நான் சண்டை போடும்போது, அறையில் இருப்பவர்கள் என் குரலைத்தான் கேட்கிறார்கள். எனக்கு உங்கள் குரல் கேட்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். பதினான்கு வருஷமாக இங்கே இருக்கிறேன். ஒரு முறையாவது வந்தீர்களா? நோரா பிறந்தபோது அம்மா தனியாக வந்தாள். அடுத்த முறையும் தனியாகத்தான் வந்தாள். நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றினாள். விமான நிலையத்திலிருந்து என் ஃபோர்டில் உட்கார்ந்து வர வேண்டியிருக்குமே, அதனால்தானே? ஒரு காரின் மூக்கில் இருக்கும் சின்னத்துக்காக, பேத்தி பிறந்ததைப் பார்க்காத மனிதர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

மே மாதம் எங்கள் குழுவை இரண்டு வாரம் உங்கள் டோர்ஸ்லாண்டா தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். நானும் வருகிறேன். என் பழைய அறையில் தங்கலாமா? இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். சிறிய எழுத்தில்.

இங்கெலா

கோத்தன்பர்க்,
6 ஏப்ரல் 1999

இங்கெலா,

என் காரை விற்றுவிட்டேன். அந்தச் சிவப்பு வோல்வோ 240தான். வாங்கியவன் ஒரு மாணவன். எஜமானன் மாறிய வண்டியை நான் ஓட்டமாட்டேன். இனி எனக்கு டிராம் போதும்.

அது 1986இல் செய்த கார், அதற்கு எஜமானன் மாறவில்லை என்று எழுதாதே. பெர்யே ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

உன் அறையில் சாமான் கிடக்கிறது. உன் முதலாளிகள் ஹோட்டல் எடுத்துக் கொடுப்பார்கள். அங்கேயே தங்கிக்கொள்.

சிக்வார்ட் ஓக்கெர்ப்ளூம்,
ஓய்வுபெற்ற தொழிலாளி

ஹோட்டல், மத்திய ரயில் நிலையம் எதிரில்,
கோத்தன்பர்க்,
19 மே 1999

அப்பா,

நம் வீட்டுக்கு இங்கிருந்து டிராமில் இருபது நிமிஷம். ஆனாலும் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். இந்த நிலைமைக்கு நாம் வந்துவிட்டோம்.

பத்து நாளாக இதே ஊரில் இருந்துகொண்டு, போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். ஹோட்டலில் தங்கிக்கொள் என்று எழுதிய வீட்டுக்கு எந்த முகத்தோடு போன் செய்வது?

இன்று காலை எங்கள் பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றது. ஓரத்தில் வயசாளிகள் ஐந்து பேர், 'நாங்கள் விலைக்கு இல்லை' என்று எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்க்கில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீங்கள். அம்மா பின்னிய சாம்பல் நிறத் தொப்பி. பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பையன், "யாரு இவங்க?" என்றான். "அதுல ஒருத்தர் எங்க அப்பா" என்றேன். அவமானமாக இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இறங்கி ஓடி வந்தேன். எதிரே, நாலைந்து எட்டுத் தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். நீங்கள் என் முகத்தை நேராகப் பார்த்தீர்கள். ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்ப்பது போல. பிறகு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டீர்கள்.

பஸ்ஸில் கூப்பிட்டார்கள். ஏறிவிட்டேன். இன்று முழுக்கக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கோபப்படுங்கள். கத்துங்கள். மார்க்கரில் எழுதுங்கள். ஆனால் ஆறு மாதப் பிள்ளைகூடத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவரைப் பார்த்து முகம் திருப்பாது. நான் உங்களுக்கு என்ன செய்துவிட்டேன்? என்ன விற்றேன், என்ன வாங்கினேன்?

சனிக்கிழமை காலை விமானம். நான் இனி எழுதமாட்டேன்.

இங்கெலா

ஹிஸிங்கன்,
20 மே 1999

என் இங்கெலாவுக்கு,

இதைத் தபாலில் போட்டால் நீ கிளம்புவதற்குள் வருமோ வராதோ. அதனால் பெர்யேயிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவனை ஹோட்டல் வாசலில் நிற்கவைத்துவிடாதே. உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடு. உன் கடிதத்தை இன்று மத்தியானம் அவன்தான் படித்துக் காட்டினான். உன் எல்லாக் கடிதத்தையும் அவன்தான் படிக்கிறான். நோரா பிறந்ததைப் பற்றி நீ எழுதிய இடத்தில் அழுது, கிளப்பில் எங்கள் இருவர் மானத்தையும் வாங்கினான்.

நான் உன்னைப் பார்க்கவில்லை இங்கெலா. எனக்குக் கண் போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை. நடுவில் மட்டும். எதை நேராகப் பார்க்கிறேனோ அந்த இடத்தில் அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒன்று நிற்கிறது. ஓரம் தெரியும். அதனால் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைப் பக்கமாகத் திருப்ப வேண்டும். நேற்று யாரோ ஒரு அமெரிக்கக்காரி நீலக் கோட்டோடு எதிரே நின்று கை ஆட்டுகிறாள், நம்மைக் கேலி செய்கிறாளோ என்று நினைத்தேன். யாரென்று நன்றாகப் பார்க்கத்தான் முகத்தைத் திருப்பினேன். அதற்குள் நீ போய்விட்டாய். பெர்யே காப்பியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான். "யோவ், அது இங்கெலாய்யா! உன் பொண்ணுய்யா!" பஸ் உள்ளே போனதும் கேட்டை மூடிவிட்டார்கள். மூடிய கேட்டைத் தட்டினேன். அத்தனை வருஷம் நான் நுழைந்த கேட்டில், "அனுமதிச் சீட்டு இருக்கா பெரியவரே?" என்று கேட்கிறான் ஒரு பயல். அவனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

உனக்குச் சொல்லாததற்குத் திட்டு. போன நவம்பரில் பள்ளிக்கூடத்துப் பக்கம் சாலை கடக்கும் இடத்தில் வண்டியை ஓட்டிப்போனேன். எதிரே பாதை காலியாக இருந்தது, அப்படித்தான் நினைத்தேன். ஒரு பெண் அலறினாள். பிரேக்கை மிதித்தேன். பனிக்கோட்டுப் போட்ட குழந்தை ஒன்று வண்டிக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, சாவியை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு நடந்து வந்தேன். அடுத்த நாள் பெர்யே போய் வண்டியை எடுத்து வந்தான். உள்ளே இருப்பவனைக் காப்பாற்றத்தான் நாங்கள் எல்லாம் செய்தோம். வெளியே நிற்கிற குழந்தையை நான்தானே பார்க்க வேண்டும்?

வண்டியை விற்க ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது. ஃபோர்டு கொடுத்தது. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

நான் மிச்சிகன் வராததற்கு உன் கார் காரணம் இல்லை. மாய்க்கெனுக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். விமானம்தான் காரணம். மணிக்கு எத்தனை நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற வண்டியில் இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டை! தோளுக்கு ஒன்றும் இல்லை! என்னைப் போன்றவன் அதில் எப்படி உட்காருவான்? பயம் என்று சொல்லிக்கொள். பதினான்கு வருஷமாக எனக்கு வெட்கம்.

கம்பெனியை விற்றது அநியாயம்தான். அதில் நான் மாறவில்லை. நீ வந்ததும் அதைப் பற்றிச் சத்தம் போடத்தான் போகிறேன், நீயும் போடு. வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிடு. பெர்யே இறால் வாங்கி வைக்கிறான். உன் அறையில் சாமான் எதுவும் இல்லை, அது பொய். நேற்றே ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன். டாக்ஸியில் வா, எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் சரி. மூக்கில் என்ன சின்னம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவா போகிறது?

ஒன்று மட்டும். வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்காதே. வாயைத் திறந்து "அப்பா"ன்னு கூப்பிடு.

உன்
அப்பா