வாசிக்காத மூன்றாம் பக்கம்

இன்று காலை என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. உம்முடைய தீப்பெட்டி ஆபீஸின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்து, "உங்கள் பார்ட்டிகளுக்கு அடுத்த லோடு அனுப்பும் காலம் வந்துவிட்டது" என்றது. கீழே உம்மிடம் சரக்கு வாங்கிய ஆறு பார்ட்டிகளின் ஊர்ப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பண்டல், எந்தத் தேதிக்குள் என்று சுத்தமாக எழுதியிருந்தது. நீர் போய் ஏழு மாதம் ஆகிறது. ஆபீஸ் கதவில் பூட்டுத் தொங்குகிறது. லாரிக்காக நீர் பதிந்துகொண்ட கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அதை யாரும் சொல்லவில்லை போலும்.

பதிவு செய்த அன்று, "இங்கிலீஷ்ல ஏதாவது வந்தா எனக்கு என்ன தெரியும், உம்ம நம்பரையும் சேத்துக் குடுக்கேன்" என்று கொடுத்திருந்தீர். அதனால்தான் எனக்கு வருகிறது. அந்த ஆறு ஊர்களில் ஒன்றைக்கூட இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் நீர் என்னிடம் சொன்னதில்லை. இன்றைக்குப் பல் விளக்கிக்கொண்டே அத்தனையையும் படித்துவிட்டேன். இந்த மடலில் அவற்றை எழுத மாட்டேன்.

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அதை வைத்திருப்பவரிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். பெண்ணுக்கு என்ன நகை போட்டீர் என்றுகூடக் கேட்கலாம். சரக்கு எந்த ஊருக்குப் போகிறது என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால், "வடக்க" என்று ஒரே சொல்லில் பதில் வரும். எனக்கு இந்த வழக்கம் புரிவதற்குச் சில வருடங்கள் ஆயின. குச்சியும் மெழுகும் மருந்தும் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே இடங்களிலிருந்துதான் வருகின்றன. பெட்டிக்குள் இருப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. எங்கோ ஒரு சின்ன ஊரில், எந்தக் கடைக்காரர் எந்த மார்க்கைக் கேட்கிறார், எந்த மாதம் கேட்கிறார், எத்தனை நாள் தாமதித்தால் வேறு மார்க்குக்குப் போய்விடுவார் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் தொழில். அது போய்விட்டால் கையில் இருப்பது வெறும் கட்டடமும் கொஞ்சம் குச்சியும்.

பசுவந்தனை ரோட்டு டீக்கடையில் உம்மை மற்ற ஆபீஸ்காரர்கள் வம்புக்கு இழுத்தது நினைவிருக்கிறது.

"அண்ணாச்சி, நேத்து லோடு ஏறிட்டாமே. எங்கன?"

"வடக்க."

"வடக்கன்னா? சாத்தூரா?"

"சாத்தூருக்கும் வடக்க."

கடையே சிரித்தது. "இவரு வீட்டுல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாரு போல" என்றார் ஒருவர். நீர் டம்ளரைக் கீழே வைக்காமலேயே, "அவ கேக்க மாட்டா. அவளும் தீப்பெட்டி ஆபீஸ்காரன் மவதான்" என்றீர்.

லாரிகள் ஓடாமல் நின்ற ஒரு சமயம், என் பத்திரிகைச் செய்திக்காக நானே கேட்டுப் பார்த்தேன். எந்தெந்த ஊர்ச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று எழுதினால் செய்திக்குக் கனம் கூடும் என்றேன். "வடக்கன்னு எழுதும் வே. படிக்கவனுக்குப் புரியும்" என்று முடித்துவிட்டீர். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், என் கூட்டாளிகளில் தொழில் ரகசியத்தை இத்தனை ஒழுக்கமாகக் காத்தவர் வேறு யாரும் இல்லை.

அப்படிப்பட்ட நீர், ஊர்ப் பெயர், கடைப் பெயர், பின்கோடு, தேதி, பண்டல் எண்ணிக்கை என்று அத்தனையையும் ஒரு கம்பெனியின் இணையதளத்தில் ஏற்றினீர். நான் சொன்னதை நம்பி ஏற்றினீர்.

லைட்டர் வந்து தீப்பெட்டி வியாபாரம் இளைத்துப்போயிருந்த நேரம் அது. மெழுகு, அட்டை, லாரி, பில் எல்லாம் ஒரே இடத்தில், எல்லாமே இணையத்தில் என்று அந்தக் கம்பெனி வந்தது. முழு லாரிக்குச் சரக்கு இல்லாத சின்ன ஆபீஸ்களின் லோடுகளைச் சேர்த்து ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். உமக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. வாங்குபவரின் முழு விவரத்தையும் ஏற்றினால்தான் லாரிச் சீட்டே உருவாகும் என்பது நிபந்தனை. அதற்கு முன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து. பத்தொன்பது பக்கம், அத்தனையும் ஆங்கிலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கடம்பூர் போளிப் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர். நான் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் உளுந்து அறுப்பு நேரத்தில் மழை பெய்து செடியிலேயே முளைத்துப்போன செய்தியை எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றீர். "நாம ஏத்துத ஊரு பேரு, பார்ட்டி பேரு, இதையெல்லாம் அவிய வெளிய விட்டுரக் கூடாது. அதுக்கு இதுல கட்டு இருக்கா? மத்தது எப்படியும் போட்டும்."

நீர் கேட்டது இவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வி.

நீதிமன்றத் தீர்ப்பு எத்தனை பக்கம் இருந்தாலும் நிருபர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவான். யார் ஜெயித்தார், என்ன தண்டனை என்பது அங்கேதான் இருக்கும். முன்பக்கங்களை நேரம் இருந்தால் பார்க்கலாம். பெரும்பாலும் நேரம் இருக்காது. முப்பது வருடத்தில் அது என் விரல்களுக்குப் பழகிவிட்டது. உம் ஒப்பந்தத்தையும் அப்படியேதான் பின்னாலிருந்து புரட்டினேன். பதினான்காம் பக்கத்தில், ரகசியம் காத்தல் என்று தடித்த எழுத்தில் தலைப்பு. இரு தரப்பினரும் ரகசியத் தகவல்களைப் பிறருக்கு வெளியிடக்கூடாது, சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று முதல் வரி. தமிழில் சொன்னேன்.

"ரெண்டு பேரையும்தான் கட்டுது. அவியளும் விடக்கூடாது, நீரும் விடக்கூடாது."

"நெசமாவா?"

"எழுத்துல இருக்கு வே. வாசிச்சுட்டுத்தான சொல்லுதேன்."

"அப்பம் சரி. நீரு சொன்னாச் சரி" என்று தாள்களைப் பைக்குள் வைத்தீர். நான் உளுந்துக்குத் திரும்பினேன். அந்தச் செய்தியில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

ரகசியத் தகவல் என்றால் என்ன என்பது அன்று நான் புரட்டாத மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கம்பெனி தரும் விலைப்பட்டியலும் மென்பொருள் விவரங்களும் ரகசியம். பயன்படுத்துபவர் ஏற்றும் விவரங்கள் அதில் சேராது. அவற்றைக் கம்பெனியும் அதன் துணை நிறுவனங்களும் வியாபார மேம்பாட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே பத்தி. அந்த ஒப்பந்தத்தில் பொய் எதுவும் இல்லை. இரு தரப்பையும் கட்டத்தான் செய்தது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து காவல் காத்தது ஒருவருடைய வீட்டை மட்டும். உம்முடைய வீடு திறந்து கிடந்தது.

ஒன்றேகால் வருடம் கழித்து என் அலுவலகத்துக்கு வந்தீர். உட்காரவில்லை. ஆறு பார்ட்டிகளில் மூன்று பேர் சரக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பழைய பழக்கத்துக்காக விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கம்பெனியின் துணை நிறுவனம் சொந்தமாக ஒரு மார்க்கைத் தொடங்கியிருந்தது. உம் லோடு போய்ச் சேருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், அதே கடைகளில், அவர்கள் பெட்டி போய் இறங்கியது. மூன்று ஊரிலும் அதே ஒரு வாரம்.

"என் வாயில இருந்து ஒரு ஊரு பேரு வந்திருக்குமா? நீரே சொல்லும்."

எனக்குக் கொதித்தது. எழுதுகிறேன் என்றேன். ஆதாரத்துக்கு ஒப்பந்தம் வேண்டும், கொண்டுவாரும் என்றேன். "நாளைக்குக் கொண்டாரேன்" என்று போனீர்.

மறுநாள் வரவில்லை. நான்காம் நாள் வெறுங்கையோடு வந்தீர்.

"வேண்டாம், விட்டுரும்."

"ஏன்?"

"வெளிய பேசக் கூடாதுன்னு அதுல இருக்குல்லா. கையெழுத்துப் போட்டாச்சு."

"அவன் உம்ம குடியைக் கெடுத்திருக்கான். நீரு அவனுக்கு விசுவாசமா இருக்கீராக்கும்?"

நீர் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றீர். நான் நிறுத்தியிருக்கலாம். "பயந்தாங்குளிக்கெல்லாம் எதுக்கு வே தொழிலு? எல்லாத்தையும் வித்துட்டு வீட்டுல இரும்" என்றேன். அடுத்த மேசையில் இருந்த போட்டோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நீர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனீர்.

அதற்குப் பிறகு நமக்குள் பேச்சு இல்லை. பேருந்து நிலையத்தில் ஒருமுறை எதிரே வந்தீர். "சாப்பிட்டீரா?" என்று கேட்டீர். "ஆச்சு" என்றேன். மீதி மூன்று பார்ட்டிகளும் போய்விட்டதையும், பெட்டி அடைக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வேறு ஆபீஸ் வேனில் ஏறத் தொடங்கியதையும் பிறர் சொல்லித்தான் கேட்டேன். ஒரு மதியம் அந்தக் காலி ஆபீஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் உம் வீட்டுக்கு ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். இங்கே கோர்ட்டில் வழக்காடுகிறவர். எனக்கும் முகம் தெரியும். நீர் கொடுத்து வைத்திருந்த காகிதங்களைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னார். உம் மனைவி அவற்றை என் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டார். "அவிய போனப்புறம் எனக்கு எதுக்கு இது? அண்ணாச்சிகிட்டயே குடுங்க."

வாசலில் நின்று வக்கீலம்மா சொன்னார்: "கேஸுக்கு வழி இல்ல சார். மூணாம் பக்கத்துல கம்பெனிக்கு முழு உரிமையும் குடுத்திருக்கு. யாரோ தப்பா வாசிச்சுச் சொல்லியிருக்காங்கன்னு அப்பவே சொன்னேன்."

"எப்போ?"

தேதியைச் சொன்னார். நீர் என்னிடம் நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதற்கு மறுநாள்.

"ஆனா பேப்பர்ல வரலாமான்னு கேட்டாரு. தாராளமா வரலாம், உங்க நஷ்டத்தை நீங்க சொல்ல எந்தத் தடையும் இல்லைன்னேன். அவருதான் வேண்டாம்னுட்டாரு."

என்னால் அடுத்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வாசித்துச் சொன்னது யார் என்று உம்மிடம் கேட்டாரா?

"கேட்டேனே. 'நானேதான் வாசிச்சேன்'னாரு."

எட்டாம் வகுப்பு வரை படித்தவர் நீர். லேபிளில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைப் படம் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பீர்.

உம் மேல் எனக்குக் கோபம்தான். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. நீர் என் அலுவலகத்துக்கு வந்து அந்தப் பக்கத்தை என் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். செய்தி வந்தால், ஒப்பந்தத்தை வாசித்தது யார் என்று நாலு பேர் கேட்பார்கள், முப்பது வருடம் பேர் வாங்கியவனுக்கு அது ஆகாது என்று நீரே முடிவு செய்துகொண்டீர். அல்லது அப்படித்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். நிச்சயமாகச் சொல்ல ஆள் இல்லை. எனக்காகப் பொய் சொல்லும்படி நான் உம்மைக் கேட்டேனா? அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு நின்ற உம்மைத்தானே நான் பயந்தாங்குளி என்றேன்.

போன வாரம் குளத்தூரில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நானும் அதில் இருந்தேன். பேச்சு உம்மிடம் வந்தது. கேட்டவர்கள் எல்லோரிடமும் நீர் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறீர் என்று அங்கேதான் தெரிந்தது.

"எட்டாப்புப் படிச்சவரு இங்கிலீஷு அக்ரிமெண்டை வாசிச்சாராம்லா!" என்றார் ஒருவர்.

"துரை, துரை. கோட்டு ஒண்ணுதான் குறைச்சலு."

"யாருகிட்டயாவது குடுத்து வாசிக்கதுக்கு என்ன? அவ்வளவு வீம்பு மனுசனுக்கு."

சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, உம் சாவுக்கு வந்து தோள் கொடுத்தவர்கள்தான். பக்கத்தில் இருந்தவர் என் தொடையைத் தட்டி, "நீரு அவருக்குக் கூட்டாளிதான வே. உம்மகிட்டயாவது காட்டியிருக்கலாம்லா?" என்றார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"காட்டலை" என்றேன்.

அதற்குள் இலை போட்டுவிட்டார்கள் என்று கூப்பிட, எல்லோரும் எழுந்து போனோம். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். உமக்கு இதை எழுதிவிட்டேன். பேப்பருக்கு இன்னும் எழுதவில்லை.