அண்ணிக்கு நான்கு வரி

மார்ச் 3
ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள். மனைவி கைப்பேசியை நீட்டி, "உதவினவங்க எல்லாருக்கும் ஒரு வார்த்தை போட்டுடுங்க" என்றாள். லிஃப்ட் கம்பெனியில் என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்த கூட்டாளிக்கு, பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட எதிர்வீட்டுக்காரருக்கு, ரத்தம் கொடுத்த மச்சானுக்கு - பதினொரு பேருக்கு அனுப்பினேன். கூட்டாளியின் பதில்: "நன்றிய நீயே வெச்சுக்க. சீக்கிரம் வா, பழைய லிஃப்ட்டெல்லாம் உன்னத்தான் தேடுது."

சிறுநீரகம் கொடுத்த அண்ணிக்கு மட்டும் அனுப்பவில்லை.

மார்ச் 4
"மிக்க நன்றி அண்ணி." அழித்தேன். பேனா இரவல் வாங்கினவன் சொல்வதுபோல் இருக்கிறது.

மார்ச் 6
ஏன் வார்த்தை வரவில்லை என்று எனக்கா தெரியாது? ஏழு வருடத்துக்கு முன்பு, அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்த அன்று, அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இது எங்க குடும்ப விஷயம். வெளியாளு நீங்க பேசாதீங்க" என்றேன். அத்தனை பேர் முன்னாலும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகு அண்ணி எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

அண்ணனுக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னதும், "அப்ப எனக்கு டெஸ்ட் எடுங்க" என்று கையை நீட்டியவர் அவர்தான். நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 7
அனுப்பிவிட்டேன்.
"அண்ணி, அன்னைக்கு உங்கள வெளியாள்னு சொன்னேன்.
அது தப்பு.
மன்னிப்புக் கேக்காம நன்றி சொல்ல வாய் வரல.
ரெண்டையும் சேத்து இப்பச் சொல்றேன்."
பார்த்துவிட்டார். பதில் இல்லை.

மார்ச் 10
இன்றும் இல்லை.

மார்ச் 11
அண்ணியே கூப்பிட்டார்.
"படிச்சேன். நான் ஒண்ணும் அந்த வார்த்தைய மறந்துட்டுக் குடுக்கல தம்பி. ஞாபகம் வெச்சுக்கிட்டுதான் குடுத்தேன்."
"சரிங்க அண்ணி" என்றேன்.
"மாத்திரைய நேரத்துக்குப் போடு" என்று வைத்துவிட்டார்.
தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க அழுதேன்.

மே 19
காலையில் அண்ணியிடமிருந்து செய்தி. "இன்னைக்கு எனக்கு செக்கப். உங்கண்ணன் ஊர்ல இல்ல. நீ கார் ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாருன்னா வா."

போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். வெளியே வந்தவர், "எல்லாம் நல்லாருக்காம்" என்றார். திரும்பும் வழியில் பின்சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார். வேகத்தடைகளில் காரை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கினேன். அவர் வீடு வந்ததும் நிழலாகப் பார்த்து நிறுத்தி, தானாக விழிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.